வெள்ளையா சிவப்பா, சாந்துஸ்ஸா

எங்கள் வீட்டுக்குள் மகள் வரும்போது முதலில் வருவது கால். பிறகு குனிந்த தலை. பிறகு ஒரு பெருமூச்சு. கடைசியாகத்தான் மிச்ச உடம்பு. இத்தாலியின் தெற்கே, பலெர்மோ நகரத்தின் பழைய கட்டடங்களில் முதல் மாடிக்குக் கீழே ஓர் அரைமாடி ஒளிந்திருக்கும். எந்தப் பிரபுவோ தன் வேலையாட்களைப் படுக்கவைக்கக் கட்டியது. அதில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். எனக்கும் மனைவிக்கும் அந்தக் கூரை தாராளம். மின்குமிழ் மாற்றுவதற்குக் கதிரை தேடுகிற வம்சம் நாங்கள்.

எங்களுக்கு எப்படி இவ்வளவு உயரத்தில் ஒரு பிள்ளை என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த சீஸ் என்றாள் மனைவி. மாதாவின் கொடை என்றார் கீழ்வீட்டு அக்கா. அவர் மன்னார்க்காரர், எதையும் மாதாவின் கணக்கில் எழுதிவிடுவார். எனக்கோ இந்த நகரத்தின் வெளிச்சத்தில்தான் சந்தேகம். இங்கே எல்லாமே மேலே போகின்றன. சந்துக்குள் நட்ட போகன்வில்லா நாலாம் மாடிக்குப் போகிறது. உடுப்புக் காயப்போடும் கொடி அதைத் தாண்டிப் போகிறது. சண்டை பிடிக்கும் பெண்களின் குரல் கொடியையும் தாண்டி வானத்துக்குப் போகிறது. அந்த வரிசையில் மகளும் போனாள், அவ்வளவுதான்.

அவள் தாதியர் படிப்பில் இரண்டாம் வருடம். பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியிலும் விளையாடினாள். வளையத்துக்குக் கீழே வேர்விட்டு நிற்கிற உயரமான ஆளைப் பிவோட் என்பார்கள், மகள் அதுதான். அலுமாரியின் மேல்தட்டிலிருந்து சீனிப் போத்தலை எடுப்பதுபோல எல்லாருடைய தலைக்கும் மேலால் பந்தை எடுப்பாள். அப்படியே வளையத்துக்குள் வைப்பாள். வைத்துவிட்டு, யாருடையதோ பொருளை எடுத்துவிட்ட முகத்தோடு திரும்பி ஓடுவாள்.

நாங்கள் ஓர் ஆட்டத்தையும் தவறவிட்டதில்லை. மனைவிக்கு விதிகள் ஒன்றும் தெரியாது. "தள்ளாதை! பிள்ளையைத் தள்ளாதை!" என்று தமிழில் நடுவரைப் பார்த்துக் கத்துவாள். இடைவேளையில் மரக்கறி றோல்ஸ் கொண்டுபோய் இரண்டு அணிக்கும் கொடுப்பாள். உறைப்பில் கண் கலங்கிய எதிரணிக்காரிகள் இரண்டாம் பாதியில் ஓடவில்லை என்று ஒரு பயிற்றுநர் முறையிட்டதாகக் கேள்வி.

ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை. லிபெர்த்தா வீதியில் நான் பார்த்துக்கொள்கிற வயோதிப சிஞ்ஞோராவின் (இங்கே அம்மாமாரை அப்படித்தான் கூப்பிடுவது) வீட்டில், கழுவுவதற்காகத் திரைச்சீலைகளைக் கழற்றிக்கொண்டு ஏணியில் நின்றேன். தொலைபேசி அடித்தது. மகள்.

"அப்பா, வடக்கிலையிருந்து கூப்பிட்டிட்டினம்."

"ஆர், பொலிஸோ?"

"இல்லையப்பா! குளுப். சம்பளத்துக்கு விளையாடுற பெரிய குளுப். இந்த வருசமே வரட்டாம்."

திரைச்சீலை கழன்று என் தலையில் விழுந்தது. அதற்குள்ளிருந்தபடியே "அப்பிடியோ, அப்பிடியோ" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கீழே நாற்காலியிலிருந்து சிஞ்ஞோரா, "யார் செத்தது?" என்று கேட்டார். அந்த வயதில் தொலைபேசி அதற்குத்தான் அடிக்கும். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணை மூடி யோசித்தார். "எங்கள் காலத்தில் பெண்கள் லெப்டினன்ட்மாரோடு ஓடினார்கள். பந்தோடு ஓடுவது எவ்வளவோ சுத்தம். போகட்டும்" என்றார்.

ஆனால் எங்கள் வீட்டில் விஷயம் அவ்வளவு சுத்தமாக இருக்கவில்லை. அந்தக் குளுப், பனி விழும் ஒரு மலையடிவார ஊரில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார்கள். தாதியர் படிப்பில் வகுப்புக்கும் வார்ட்டுக்கும் நேரில் போயே ஆகவேண்டும். அங்கே ஒரு கால் இங்கே ஒரு கால் என்று நிற்க முடியாது. போனால் படிப்பைப் பாதியில் விட வேண்டும். விட்டால் திரும்ப இடம் கிடைக்குமா என்று பல்கலைக்கழக அலுவலகத்தில் ஒருவரும் உறுதியாகச் சொல்லவில்லை. நின்றால் அடுத்த வருடமும் கூப்பிடுவோம் என்று குளுப்பிலும் ஒருவரும் சொல்லவில்லை.

மனைவியின் பக்கம் தெளிவாக இருந்தது. அவள் விடிகாலையில் ஒரு தனியார் வைத்தியசாலையின் நீண்ட நடைபாதைகளைத் துடைக்கிறாள். அவள் துடைத்து இன்னும் காயாத தரையில் வெள்ளைச் சப்பாத்தோடு தாதிமார் நடந்துபோவார்கள். அந்தச் சப்பாத்துகளில் ஒரு சோடி ஒருநாள் எங்கள் மகளுடையதாக இருக்க வேண்டும். அவள் வாழ்க்கையில் இயற்றிய ஒரே கவிதை அது. அதில் ஒரு சொல்லை மாற்ற விடமாட்டாள்.

"முழங்கால் ஒண்டு போச்செண்டால் பந்து ஆருக்கு?" என்றாள். "படிப்பெண்டால் முழங்கால் போனாலும் கிடக்கும்."

பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், "உங்களிட்டைக் கேட்டுப் பிரியோசனமில்லை. நீங்கள் பஸ் பிந்தினால் வந்த பஸ்ஸிலை ஏறி வேறை இடத்துக்குப் போற மனுசன்" என்று தீர்ப்பையும் வாசித்துவிட்டாள்.

நியாயம்தான். சியாகுல்லியில் எல்லாரும் மறந்த பிறகு பழுக்கும் மண்டரின் தோடம்பழங்களைப் பிடுங்கியிருக்கிறேன். மொண்டெல்லோவில் கடற்கரைக் குடை விரித்திருக்கிறேன். மீன் கடையில் ஐஸ் உடைத்திருக்கிறேன். ஒவ்வோர் இடத்திலும் காற்று சற்றுத் திசை மாறினால் போதும், என் கால் என்னைக் கேளாமல் கிளம்பிவிடும். வடக்கு, பனி, மலை என்று கேட்ட கணத்திலேயே எனக்குள் ஒருவன் பையை அடுக்கி, ரயில் நிலையத்துக்குப் போய், கோப்பியும் வாங்கிவிட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சீட்டி அடித்துக்கொண்டு பாத்திரம் கழுவினேன். மனைவிக்கு அது போதும்.

மகள் கீழே கட்டடத்தின் உள்முற்றத்தில் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். டொம். டொம். டொம். அவள் யோசிப்பது ஐந்து மாடிக்கும் கேட்டது. மேல்மாடிக் கிழவர் உள்பனியனோடு எட்டிப் பார்த்து, "முடிவெடுத்தாயிற்றா?" என்று கத்தினார். "இன்னும் இல்லை!" என்றாள். "எதுவாயிருந்தாலும் சீக்கிரம் எடு மகளே, எனக்குத் தலை வெடிக்கிறது!" என்று ஜன்னலைச் சாத்தினார்.

வெள்ளிக்கிழமை மனைவி வழியைக் கண்டுபிடித்தாள்.

"பூக்கட்டிப் பாப்பம்."

ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. சாமிக்கு முன்னால் வைத்து, விஷயம் தெரியாத ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. கலியாணம் முதல் காணி வாங்குவது வரை எங்கள் ஆட்கள் இப்படித்தான் மேலிடத்தில் கேட்பார்கள். வெள்ளை வந்தால் தாதி, சிவப்பு வந்தால் பந்து. நாங்கள் கும்பிடுகிற பிள்ளையாரிடம் போவதாகத்தான் பேச்சு. கீழ்வீட்டு அக்கா குறுக்கே வந்தார்.

"தங்கச்சி, பிள்ளையார் நல்லவர்தான். நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனா உது இத்தாலியன்ரை கொன்ட்ராத்து. அவருக்கு என்னத்தை விளங்கும்? மலைக்குப் போய்ச் சாந்துஸ்ஸாட்டைக் கேளும். அவதான் இஞ்சத்தை ஆள்."

சாந்துஸ்ஸா இந்த நகரத்தைக் காக்கும் புனிதை. மலைமேல் ஒரு குகைக்குள் படுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சனம், வேதக்காரரும் சைவக்காரரும் ஒன்றாக, வெறுங்காலோடு அவளிடம் ஏறும்.

"அவவுக்குப் பூக்கட்டிப் பாக்கத் தெரியுமோ அக்கா?" என்று மனைவி உண்மையான கவலையோடு கேட்டாள்.

"எத்தினை நூறு வருசமாப் பூவுக்குள்ளைதானே படுத்திருக்கிறா. தெரியாமலோ!"

அக்காவின் வாசலிலிருந்து வெள்ளைப் பொமேலியா, எங்கள் ஈழத்தலரிதான். முற்றத்துச் சாடியிலிருந்து செவ்வரத்தை. வாழையிலைக்கு எங்கே போவது? அலுமினியத் தாளில் சுற்றினாள். நிறம் தெரியக்கூடாது என்று இன்னொரு சுற்று. செவ்வரத்தை மெல்லியது, தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று அதற்குள் கொஞ்சம் காகிதம் அடைத்தாள். தனக்குச் சாதகமாக எதையும் செய்யவில்லை என்று நாங்கள் கேட்காமலே சத்தியம் பண்ணினாள். முடிவில் இரண்டும் அசல் சாப்பாட்டுப் பொட்டலங்கள் மாதிரியே இருந்தன. அது எங்கள் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

ஞாயிறு காலை ஏறினோம். பழைய கல்பாதை வளைந்து வளைந்து போகிறது. ஒவ்வொரு வளைவிலும் கீழே நகரம் கொஞ்சம் சிறுக்கிறது, கடல் கொஞ்சம் பெருக்கிறது. பைன் மரங்கள் வெயிலில் பிசின் மணத்தன. ஒரு நடையில் இவ்வளவு திசைகளைப் பார்த்தால் எனக்குப் பேச வராது. வடக்கே கடல், கடலுக்கு மேலே வெறும் நீலம், அதற்கும் அப்பால் எங்கேயோ அந்தப் பனி ஊர். மனைவி பொட்டலங்களை முந்தானைக்குள் பிடித்தபடி மூச்சிரைத்தாள். அக்கா செபமாலை சொன்னார். இடையிடையே செபத்தை நிறுத்தி என் நடையைக் குறை சொன்னார். மகள் எப்போதும் ஒரு வளைவு முன்னால் நின்றாள். நாங்கள் போய்ச் சேர்ந்ததும், "அமுனீ, அமுனீ" என்று இந்த ஊர்ப் பிள்ளைகள் அவசரப்படுத்துகிற மாதிரி அவசரப்படுத்தினாள். ஆனால் அவளுடைய முகத்தில் அவசரம் இல்லை. பயம் மாதிரி ஏதோ இருந்தது. மலை ஏறுவதால் என்று நினைத்தேன்.

குகைக்குள் குளிர்ச்சி. பாறையிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்துப்போக மேலெல்லாம் தகர ஓடைகள். கண்ணாடிக்குப் பின்னால் பொன்னுடுப்போடு சாந்துஸ்ஸா, மத்தியானத் தூக்கத்தில் இருப்பவள்போல. கம்பித் தடுப்பின் கீழே பொட்டலங்களை அருகருகே வைத்துவிட்டுக் கும்பிட்டோம். இனிக் குழந்தை வேண்டும். வெளியே ஒரு தமிழ்க் குடும்பத்தோடு சின்னப் பெண் ஒருத்தி வந்திருந்ததை மனைவி முன்பே பார்த்து வைத்திருந்தாள். எல்லாருமாகப் போய்க் கேட்டோம். பெற்றோருக்குச் சம்மதம். குழந்தைக்குச் சம்மதமில்லை, கையில் பிஸ்தாச்சியோ ஐஸ்கிறீம். உள்ளே ஐஸ்கிறீமோடு விடமாட்டார்கள். ஆகவே எங்கள் மகளின் எதிர்காலம், அந்தக் குழந்தை கோனின் கடைசி நுனி வரை ஆறுதலாக நக்கி முடிக்கும்வரை, வாசல்படியில் காத்திருந்தது.

திரும்பி உள்ளே போனால் பொட்டலங்கள் இல்லை.

கோயிலைப் பராமரிக்கிற பருத்த மனிதர் ஒருவர் கூட்டுகிற தும்புத்தடியோடு நின்றார். மனைவி தன் இத்தாலியனைத் திரட்டிக்கொண்டு கேட்டாள்: அலுமினியத் தாள், இரண்டு, இவ்வளவு பெரிது.

அவர் பொரிந்தார். "புனித இடத்தில் பாணினோ வைக்கக்கூடாது! எத்தனை தடவை சொல்வது? சாப்பாடு வெளியே!"

"அது பாணினோ இல்லை."

"தெரியும்." குரல் திடீரென்று இறங்கியது. "காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, சிஞ்ஞோரா. ஒன்றைத் திறந்தேன், பூ. சரி, மற்றதில் இருக்கும் என்று அதையும் திறந்தேன். அதிலும் பூ. இதென்ன விளையாட்டு?"

மனைவி என் கையைப் பிடித்தாள். "இஞ்சேருங்கோ, இந்தாளுக்கு ஒண்டும் தெரியாதெல்லே! குழந்தை மாதிரித்தானே! முதல் திறந்ததுதான் பதில்." அவரிடம் திரும்பினாள். "முதலில் திறந்தது என்ன நிறம்?"

அவர் மனைவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். செபமாலையை இறுக்கிக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, இன்னும் நிமிர்த்தி, மகளைப் பார்த்தார். எங்கள் முகங்களில் இருந்த பதற்றம் அவருக்கு விளங்கவில்லை; ஆனால் பலெர்மோக்காரர், வந்தவர்களை வருத்தப்பட விடமாட்டார்.

"உங்களுக்கு எந்த நிறம் வேண்டும், சிஞ்ஞோரா?" என்றார் அன்பாக.

"எனக்கு வேண்டிய நிறமில்லை! நீங்கள் பார்த்த நிறம்!"

"வெள்ளை..." மனைவியின் முகம் மலர்ந்தது. "...மாதிரி. அல்லது சிவப்பு. இருட்டு, சிஞ்ஞோரா. பசியும்." அவர் காட்டிய மூலையில், அன்றைக்கு வந்த பூக்களெல்லாம் ஒரு பெரிய வாளிக்குள் கிடந்தன. வெள்ளையும் சிவப்புமாக, ஒரு கலியாண வீட்டுக்குக் காணும்.

"வெள்ளை எண்டுதான் முதல் வாயிலை வந்தது! நான் கேட்டனான்!" என்றார் அக்கா.

"கடைசியாச் சொன்னது சிவப்பு" என்றேன். என் வாய்தான், எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"பாத்தியளோ, உவர் வாய் திறந்திட்டார்!" என்று மனைவி என் பக்கம் பாய்ந்தாள். "மூண்டு நாளா வாய்க்குள்ளை வைச்சிருந்தது எனக்குத் தெரியாதெண்டே நினைச்சியள்?"

சனம் கூடிவிட்டது. என்ன வழக்கு என்று பருத்தவர் கேட்டார். மகள் சுருக்கமாகச் சொன்னாள். இந்த நகரத்தில் அந்தத் தவறைச் செய்யக்கூடாது. குகை நிறைய அபிப்பிராயம். வடக்கில் மூடுபனியில் நுரையீரல் போகும் என்றார் ஒருவர். தன் மருமகன் வடக்கே போய், எதையும் வெண்ணெயில் சமைக்கிற ஒருத்தியோடு திரும்பி வந்ததாக ஒரு மாது துக்கம் சொன்னார். பருத்தவர் தும்புத்தடியை ஊன்றிக்கொண்டு முடித்துவைத்தார்: "இவ்வளவு உயரத்துக்கு என்ன யோசனை? அங்கே போய் நின்றாலே போதுமே!"

"அங்கே நான் உயரமில்லை" என்றாள் மகள்.

பிறகு எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள். "அம்மா, அங்கை நான் கட்டை."

சாந்துஸ்ஸா எழுந்து உட்கார்ந்திருந்தாலும் மனைவி அவ்வளவு திகைத்திருக்கமாட்டாள். "என்னடி விசர்க்கதை?"

"மெய்யா அம்மா. அவையின்ரை பிவோட்டின்ரை காது மட்டுக்குத்தான் நான் வருவன். அந்த இடத்துக்கு என்னைக் கேக்கேல்லை. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடிவாற சின்ன ஆள் இருக்குமெல்லே, அதுக்குத்தான் பழக்கப்போகினமாம். எனக்கு அது தெரியாது. முற்றத்திலை தட்டிப் பாத்தனான், காலிலைதான் படுகுது. முதல் வருசம் விளையாட விடமாட்டினம், வாங்கிலைதான் இருப்பன்."

ஆக அந்த டொம் டொம் யோசனை அல்ல, பயிற்சி. நானோ அவள் வெள்ளைக்கும் சிவப்புக்கும் நடுவில் நிற்பதாக மூன்று நாள் கவித்துவமாகக் கவலைப்பட்டேன். அவளுக்கு இருந்தது வேறு பயம்: ஒன்றும் தெரியாதவளாகப் போய் நிற்கிற பயம்.

மனைவிக்கு நம்பிக்கை வந்துவிட்டது. "பேந்தென்னத்துக்கு அங்கை? இஞ்சை நீ சும்மா நிண்டாலே காணுமே பிள்ளை."

"அதுதான் அம்மா. சின்னனிலையிருந்து எல்லாரும் என்னை நிக்கத்தான் விட்டவை. படம் எடுத்தால் பின்னுக்கு நில். சாமான் எண்டால் மேலை இருந்து எடு. ஆரும் கதைச்சால் குனி. இவளுக்கு ஓடத் தெரியுமோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை." எங்களைப் பார்க்காமல் தகர ஓடையைப் பார்த்துக்கொண்டாள். "எனக்கு ஒருக்காலெண்டாலும் ஆரையாவது அண்ணாந்து பாக்கவேணும். நான் போகப்போறன்."

தமிழ் தெரியாத சனமும் ஏதோ முடிந்துவிட்டது என்று விளங்கிக்கொண்டு மெல்லக் கலைந்தது. பருத்தவர் மட்டும் போகவில்லை. "எந்த நிறம் வென்றது?" என்று என் காதுக்குள் கேட்டார். அக்கா தன் கைப்பையிலிருந்து மீன் அடைத்த ஒரு மாலுப் பணிஸை எடுத்து அவர் கையில் வைத்து, "மாஞ்சா, மாஞ்சா" என்று சாப்பிடச் சொல்லி அவரை வெளியே தள்ளிக்கொண்டு போனார்.

இறங்கும்போது கற்கள் நன்றாகச் சுட்டன. மனைவி நெருப்பு மிதிப்பவள்போலத் துள்ளித் துள்ளி நடந்தாள். ஒரு நிழலில் நின்றாள்.

"இந்த மாசச் சோதினை?"

"எழுதிப்போட்டுத்தான் போவன்."

"கம்பஸிலை இடத்தைப் பிடிச்சு வைக்கச் சொல்லிக் கேள்."

"கேக்கிறன். ஓம் எண்டுவினமோ தெரியாது அம்மா."

"தெரியாததுகளையெல்லாம் கூட்டிக்கொண்டு திரி. உன்ரை அப்பரைப் போலை."

அடுத்த நிழல் வரை துள்ளல். மறுபடியும் நின்றாள்.

"அங்கை உன்னிலும் உயரமான பிள்ளையள் இருக்கினம் எண்டாய்."

"ஓம்."

"அவையளுக்குத் தமையன்மார் இருக்கினமோ?"

"மீஈஈ! அம்மா!" இந்த ஊர்ப் பிள்ளைகள் மாதிரி மகள் போட்ட சத்தத்தில், மேலே ஏறிக்கொண்டிருந்த இரண்டு கிழவிகள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

அந்த வளைவிலேயே நின்று மகள் குளுப்புக்கு அழைத்தாள். நானும் மனைவியும் அக்காவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளைச் சுற்றி நின்றோம். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இந்த நாட்டில் தெற்கானாலும் வடக்கானாலும் அந்த நேரத்தில் யாருடைய வாழ்க்கையும் மாறாது. எல்லாரும் சாப்பாட்டில் இருப்பார்கள். நாங்களும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டோம்.

பின்னேரம் அவள் மறுபடி அழைத்தாள். ஜன்னலோரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நிறையக் கேட்டாள், தலையாட்டினாள். பிறகு "சி" என்றாள். ஓம் என்பதற்கு இந்த நாட்டில் அந்த ஒற்றை எழுத்துத்தான். சமையலறையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றிருந்தது. மனைவி கேட்பதற்காகக் குழாயை மூடியிருந்தாள். கொஞ்சம் பொறுத்து அதைத் திறந்தாள்.

"அந்த ஊரிலை தேங்காய்ப்பால் விக்கிறவையோ, கேட்டவளோ?" என்று பாத்திரங்களிடம் கேட்டாள்.